தலைவர் தாடியின் கொள்முதல் விலை

வெள்ளி மதிப்பீட்டு வாரியம் ஊருக்குள் வந்த முதல் நாளே, சலூன்காரர் வீட்டிலிருந்த பண நோட்டுகளை எல்லாம் ஒரு துணிப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய் வரிசையில் முதல் ஆளாக நின்றார். அவர் சுபாவம் அப்படி. இடது பக்கம் போ என்று அரசாங்கம் சொன்னால் வீட்டுக்குள்ளேகூட இடது பக்கமாக நடக்கிற மனிதர். "நாளை முதல் காகிதம் செல்லாது, அத்தனை பொருளுக்கும் வெள்ளிதான் விலை" என்று ஒலிபெருக்கி வண்டி கத்திக்கொண்டு போனபோது, தெருவில் மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என்னமோ செய்தார்கள். என்ன செய்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது தப்பு என்பதும் அவர் சுபாவம்தான்.

துணிப்பைக்குப் பதிலாக வாரியம் கொடுத்தது ஒரு வெள்ளிக் கம்பிச் சுருள். மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீட்டில் தையல் மிஷின் வைத்து ஊர்ச் சட்டைக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுக்கிறவள் அவள். அந்தத் துணிப்பையில் பாதி அவள் விரலில் குத்திய ஊசி.

"ரெண்டாவது நாற்காலி வாங்கச் சேர்த்தது மொத்தமும் இதுதானா?"

"வெள்ளி பொய் சொல்லாதும்மா. சுவர்ல எழுதியே போட்டிருக்காங்க."

"ஊர்ல சுவர்ல எழுதினதைப் படிக்கற ஒரே ஆளு நீங்கதான்" என்றாள் அவள். அன்று சாப்பாடு கொஞ்சம் கருகலாக வந்தது.

ஊர் அப்போதிருந்த நிலையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு கம்பிச் சுருள், ஆளுக்கொரு வெட்டுக் குறடு. எதை வாங்கினாலும் கம்பியில் ஒரு துணுக்கை நறுக்கித் தராசில் போட வேண்டும். தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்; பக்கத்தில் வாரியத்தின் நிறுவை ஊழியர் இருப்பார். ஒரு முட்டையின் விலையும் ஒரு தீப்பெட்டியின் விலையும் வெள்ளியில் பார்த்தால் வெறும் தூசி. பெட்டியைத் திறந்து வைக்கிற நேரத்தில் யாராவது மூச்சு விட்டால் விலை பறந்துவிடும். எனவே நிறுக்கும்போது எவரும் மூச்சு விடக் கூடாது என்று வாரியம் விதி போட்டது. ஊழியர் "மூச்சு!" என்று கத்தியதும் கடையில் இருக்கிற அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் சாமான் வாங்க அடுத்தவரை அனுப்பினார்கள். மின்விசிறிகளின் இறக்கைகளை வாரியமே வந்து கழற்றிக்கொண்டு போனது. மளிகைக்கடையில் ஒரு மனிதர் அடக்க முடியாமல் தும்மிவிட்டார். யாரோ ஓர் அம்மாளின் ஒரு மாதத்து எண்ணெயும் சர்க்கரையும் காற்றோடு போயிற்று. கடைக்காரர் முதல் வாடிக்கையாளர் வரை எல்லோரும் தரையில் தவழ்ந்து தேடினார்கள். தும்மிய மனிதர்மேல் பொது இடத்தில் பணத்தை வாரியிறைத்த குற்றம் பதிவானது.

பேருந்து ஓடினால் தராசு ஆடும். ஆகவே எல்லோருக்கும் டிக்கெட் நிறுத்து முடிக்கிறவரை பேருந்து நிற்கும். அவசரமாகப் போக வேண்டியவர்கள் நடந்து போனார்கள்.

இத்தனைக்கும் மேலே மூலைக்கு மூலை வாரியத் தலைவரின் படம். கடுகிலிருந்து கட்டடம் வரை எல்லாவற்றுக்கும் வெள்ளியில் விலை வைத்து முடிக்காமல் தாடியை எடுப்பதில்லை என்று அவர் சபதம் செய்திருந்தார். மாதம் ஒருமுறை பழைய படத்தைக் கிழித்துவிட்டு, தாடி வளர்ந்த புதிய படத்தை ஒட்டுவார்கள். நாட்டின் முன்னேற்றத்தை அந்தத் தாடியில் பார்க்கலாம் என்று கீழே எழுதியிருக்கும்.

அவரவர் தொழிலுக்கு அவரவரே வந்து விலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்ததும், சலூன்காரர் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாரியத்துக்குப் போனார். நீளமான நடை, இரண்டு பக்கமும் பெஞ்சு. பெஞ்சில் பால்காரர், பூட்டு ரிப்பேர்காரர், பாட்டு வாத்தியார் என்று ஊரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் அவரைக் கூப்பிட்டார்கள்.

மதிப்பீட்டு அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்ன சரக்கு விக்கறீங்க?"

"சரக்கு ஒண்ணும் இல்லீங்க. முடி வெட்டறேன்."

"சரக்கு இல்லாம வெள்ளி கைமாறக் கூடாது. அது முதல் விதி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கடைக்குள்ள வரும்போது வாடிக்கையாளர் தலைல முடி இருக்கா?"

"இருக்குங்க."

"வெளிய போகும்போது?"

"குறைஞ்சிருக்கும்."

"குறைஞ்சது எங்க போச்சு?"

"தரைல விழுந்திருக்குங்க."

"தரை யாரோட தரை?"

"என்னோடதுங்க. வாடகைதான், ஆனா என்னோடது."

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புன்னகை செய்தார். முடிச்சு அவிழ்ந்துவிட்ட திருப்தி அந்த முகத்தில் இருந்தது. "அப்ப சரக்கு அவர்கிட்டேர்ந்து உங்ககிட்ட வந்திருக்கு. அவர் விக்கறவர். நீங்க வாங்கறவர். இத்தனை வருஷமா ஜனங்ககிட்ட முடியையும் வாங்கிக்கிட்டு, காசையும் வாங்கிக்கிட்டு இருந்திருக்கீங்க. காகிதம் எப்படிப்பட்ட அக்கிரமத்தை எல்லாம் மூடி மறைச்சிருக்கு பாருங்க!"

"ஐயா, அது குப்பைங்க. கூட்டி அள்ளிக் கொட்டிடுவேன்."

"வாங்கின சரக்கை நீங்க என்ன செய்யறீங்கங்கறது உங்க சுதந்திரம். அதுல வாரியம் தலையிடாது" என்றார் அதிகாரி பெருந்தன்மையாக. பழைய பாக்கிக்கு இந்த ஒருமுறை மன்னிப்பு உண்டு என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஆட்கள் வந்து சலூன் பலகையைக் கழற்றிவிட்டு, "அங்கீகரிக்கப்பட்ட முடி கொள்முதல் நிலையம்" என்ற பலகையை மாட்டினார்கள். உள்ளே விலைப்பட்டியல் ஒன்றும் தொங்கியது. கருமுடிக்கு ஒரு விலை. நரைமுடி வெள்ளி நிறத்தில் இருப்பதால் அதற்கு மேல்தரம், விலையும் கூடுதல். கண்ணாடிப் பெட்டித் தராசோடு ஒரு நிறுவை ஊழியரும் வந்து நல்ல வெளிச்சமான மூலையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நாள் பூரா "மூச்சு, மூச்சு" என்று கத்துவதால் அவருக்கு மூச்சு என்றே பெயர் வந்தது. வேளாவேளைக்கு அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதும் சலூன்காரர் பொறுப்பு.

இப்படி ஒரு வியாபாரத்தை அந்தத் தெரு கண்டதில்லை. கடை திறக்கும் முன்பே வரிசை முனை திரும்பிவிடும். முடி வெட்டிக்கொள்ள வருஷக்கணக்கில் சோம்பல்பட்டவர்கள் எல்லாம் குளித்துத் தலை துவட்டாமல் வந்தார்கள். ஈரமுடி கனம் அதிகம். இளவட்டங்கள் தலைக்குச் சுண்ணாம்பு தடவி நரை என்று சாதித்தார்கள். பிறந்து ஒரு மாதமான குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்து, "இதுக்குக் கிடைக்கறது கிடைக்கட்டும்" என்றாள். வழுக்கைத் தலையர் ஒருவர் தன்னிடம் வாங்க மறுக்கிறார்கள் என்று வாரியத்துக்கு மனுப் போட்டார். பாரபட்சம் காட்டியதற்கு நஷ்ட ஈடாக அவருக்கும் ஒரு துணுக்கு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

பக்கத்துத் தெருவில் மரக்கடை வைத்திருந்தவருக்குக் காடு என்று பெயர். அவ்வளவு அடர்த்தியான முடி. வாரம் தவறாமல் வருவார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண் கலங்கும்.

"கொஞ்சம் மேலாப்புல எடுத்துக்குங்க, போதும். குழந்தைங்களுக்குப் பால் வாங்கணும். எங்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லுங்க?"

சலூன்காரருக்கு மனசு இளகிவிடும். காடுக்கு மட்டும் துணுக்கைக் கொஞ்சம் தாராளமாகவே நறுக்குவார். இதை மனைவியிடம் சொல்லவில்லை.

இரண்டாவது நாற்காலிக்கான சுருள் இப்படியாக மோதிரம் அளவுக்கு வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பின்கட்டில் சாக்கு சாக்காக முடி மட்டும் சேர்ந்திருந்தது.

"கடையை மூடித் தொலைங்க" என்றாள் மனைவி.

"மூடினா வெள்ளிச் சுழற்சியை முடக்கினதா சீல் வெச்சுடுவாங்க. நாற்காலி, கத்தி, கத்தரி எல்லாம் போயிடும். அப்புறம் மறுபடியும் எவன் கடைலயாவது போய் நிக்கணும்."

பாதி வயசு வரை அவர் அடுத்தவர் கடையில் இரண்டாவது ஆளாக நின்றதும், முதலாளி வாடிக்கையாளர் எதிரிலேயே தலையில் குட்டுவதும் அவளுக்குத் தெரியும். தனக்கென்று ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரு சாவி என்பது அவர் வாழ்க்கையில் கண்ட ஒரே பெரிய சந்தோஷம்.

இரண்டு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி அதிகாரியிடம் போனார்.

"ஐயா, இதை வித்துக்கலாமுங்களா?"

"தாராளமா. வாங்க ஆள் இருந்தா."

"வாரியம் வாங்கிக்குமா?"

"வாரியத்துக்கு எதுக்குங்க இந்தக் குப்பை?"

"குப்பைன்னா நான் எதுக்குங்க வெள்ளி கொடுத்து வாங்கறேன்?"

"வாங்கும்போது அது சரக்கு. விக்கும்போதுதான் குப்பை" என்று அதிகாரி விளக்கினார். சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகத்தான் சொன்னார். சலூன்காரர் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

கையில் வெள்ளி இல்லை, இனி வாங்க முடியாது என்று மூச்சிடம் சொன்னபோது, மூச்சு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கடையைச் சுற்றும் முற்றும் பார்த்தார். சுவரளவு நின்ற பெரிய கண்ணாடியில் அவர் பார்வை நின்றது.

"இந்தக் கண்ணாடிக்குப் பின்னால என்ன பூசியிருக்கு?"

"பெயிண்டுங்க."

"பெயிண்டுக்கு அடியில?"

சலூன்காரருக்குத் தெரியாது. மூச்சுக்குத் தெரிந்திருந்தது. பெயிண்டுக்கு அடியில் இருந்தது வெள்ளி. அன்று சாயங்காலமே வாரியத்தின் ஆட்கள் கரண்டி, மருந்து, புட்டி சகிதம் வந்து கண்ணாடியைக் கவிழ்த்துப் போட்டுச் சுரண்டினார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்த மனைவி அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினாள். மூச்சு அவள் வாயையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் நல்லாத் திறங்க. கடைவாய்ல என்ன, வெள்ளி அடைச்சிருக்கா?"

அன்றிலிருந்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டே திட்டப் பழகினாள்.

சுரண்டியதில் பாதி வெள்ளி, பதுக்கியதற்கான அபராதமாகப் போனது. மீதி ஒரு சிட்டிகை சலூன்காரருக்கு வந்தது. சுவரில் சுத்தமான ஒரு கண்ணாடித் தகடு மிஞ்சியது. அதன் வழியே பார்த்தால் காரை பெயர்ந்த சுவரும் அதில் ஒரு பல்லியும் தெரியும். வாடிக்கையாளர்கள் பழக்க தோஷத்தில் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிச் சுவரைப் பார்த்துவிட்டு, "காதுகிட்ட இன்னும் கொஞ்சம் எடுங்க" என்றார்கள்.

அந்தச் சிட்டிகையும் தீரும் தறுவாயில் அதிகாரி நேரிலேயே கடைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"வாழ்த்துகள்! கடைசிப் பொருளுக்கும் விலை வெச்சு முடிச்சாச்சு. தலைவர் தாடியை எடுக்கப் போறார். எல்லாக் கடைலயும் உங்க கடைதான் நல்லாச் சரக்கு எடுக்குதுன்னு தேர்ந்தெடுத்திருக்கோம். வர்ற வெள்ளிக்கிழமை, ஆண்டு விழா மேடைக்குப் போற வழியில வந்து உங்ககிட்ட விப்பார்."

"எதை விப்பார்?"

"தாடியை. ஒரு வருஷத் தாடி. நரை வேற. அதோட பதவியில வளர்ந்த முடி, அதுக்குத் தனி மேல்தரம்."

"ஐயா, அத்தனையும் வாங்க எங்கிட்ட வெள்ளி இல்லீங்க."

அதிகாரியின் பல் மறைந்தது. "ஏற்பாடு பண்ணுங்க. தலைவர் விக்க வந்து வாங்க முடியலைன்னா கடையைச் சீல் வெக்கறது தவிர எனக்கு வேற வழி கிடையாது. எனக்கும் குடும்பம் இருக்கில்ல?"

இடையில் இருந்த நாட்களில் சலூன்காரர் கேட்காத இடமில்லை. மளிகைக்காரர் கையை விரித்தார். முட்டைக்காரர் தன் சுருளைக் காட்டினார். அது சுருளாகவே இல்லை. காடுவிடம் போய்க் கேட்டதற்கு அவர் அழுதேவிட்டார். "எங்கிட்ட இருந்தா உங்களுக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுப்பேன்?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வர நேரமாயிற்று. கடன் கொடுப்பதே குற்றம் என்று வாரியம் சட்டம் போட்டிருந்ததால் மற்றவர்களுக்குச் சாக்குத் தேடும் சிரமமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தலைவர் வந்தார். முன்னால் இரண்டு வண்டி, பின்னால் இரண்டு வண்டி. எதிர் மைதானத்தில் மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தெரு முழுக்கக் கூட்டம். தலைவர் விற்ற பிறகு தாங்களும் விற்கலாம் என்று வழக்கமான வரிசையும் வாசலில் நின்றது. முதல் ஆள் காடு. கடைக்குள்ளே அதிகாரியும் உதவியாளர்கள் மூவரும் சுவரோரம் நின்றார்கள். மனைவி கதவருகில் நின்றாள். தலைவர் நாற்காலியில் சாய்ந்து, எதிரே இருந்த சுவரைப் பார்த்து, தாடியை ஒருமுறை தடவி விடை கொடுத்தார்.

சலூன்காரர் நுரை போட்டார். தலைவர் பேச ஆரம்பித்தார். சவரம் செய்துகொள்ளும்போதும் பேசக்கூடியவர் அவர்.

"காகிதத்தை நான் ஏன் ஒழிச்சேன் தெரியுமாப்பா? காகிதம் நம்பிக்கையில ஓடுது. நீ என்னை நம்பி வாங்கறே, நான் அடுத்தவனை நம்பிக் கொடுக்கறேன். ஜனங்க இப்படி ஒருத்தரை ஒருத்தர் நம்பிக்கிட்டே இருந்தா நடுவுல வாரியத்துக்கு என்ன வேலை? யோசிச்சுப் பாரு. வெள்ளின்னா நிறுக்கணும். நிறுக்க ஆள் வேணும். ஆளைக் கண்காணிக்க ஆள் வேணும். எத்தனை குடும்பம் பிழைக்குது!"

"ஆமாங்க" என்றார் சலூன்காரர்.

வலது கன்னம் முடிந்தது. வலது பக்கத்து மீசையும் முடிந்தது. வெட்டியதை அப்படியே மூச்சு அள்ளித் தட்டில் வைத்தார்.

"நுரையை வழிச்சுட்டு நிறுங்களேன்" என்று சலூன்காரர் கெஞ்சினார்.

"வாரியம் உள்ளதை உள்ளபடி நிறுக்கும். மூச்சு!"

எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவரும் பிடித்துக்கொண்டார். சலூன்காரரின் சிட்டிகை வெள்ளி எதிர்த்தட்டில் கொட்டப்பட்டது. முள் நடுவில் வந்து நின்றது. சிட்டிகை டப்பா காலி.

சலூன்காரர் கத்தியைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னப்பா நின்னுட்டே?"

"அவ்வளவுதாங்க ஐயா. எங்கிட்ட வெள்ளி தீர்ந்துபோச்சு. இதுக்கு மேல எடுத்தா கடன்ல வாங்கின மாதிரி ஆயிடும். அது குற்றங்க."

அவர் சாமர்த்தியத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே பயந்துதான் சொன்னார். சுவரில் எழுதியதைப் படிக்கிற மனிதர் ஆயிற்றே.

மைதானத்தில் மேளம் ஒலிக்க ஆரம்பித்தது. தலைவர் வலது கன்னத்தைத் தடவினார், வழவழப்பு. இடது கன்னத்தைத் தடவினார். அங்கே ஒரு வருஷத்து முன்னேற்றம் அப்படியே தொங்கியது.

"மீதியை இனாமா எடுத்துக்கோ."

அதிகாரி ஓரடி முன்னால் வந்தார். "இனாமாக் கொடுக்கக் கூடாதுங்க ஐயா. விலையைக் கொலை செய்த குற்றம். போன மாசம் நீங்களே கையெழுத்துப் போட்டது."

"அப்ப நீ இவனுக்குக் கொஞ்சம் வெள்ளி கொடு."

"சரக்கில்லாம வெள்ளி கைமாறக் கூடாதுங்க. முதல் விதி."

"சரிய்யா, நானே இவனுக்குக் கூலி கொடுத்துடறேன்!"

அதிகாரி நடுங்கிப்போனார். "ஐயா! விக்கறவர் வாங்கறவருக்கு வெள்ளி கொடுக்கறதா? தலைகீழ்ப் பட்டுவாடா. ஜாமீன் கிடையாது. அந்த ஷரத்தை நீங்க மேடைல படிச்சப்ப எனக்குக் கண்ணீரே வந்துடுச்சு."

ஒலிபெருக்கி தலைவரை மேடைக்கு அழைத்தது. மறுபடி அழைத்தது. தலைவர் சுவரிலிருந்த பல்லியைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றார். அதிகாரியும் உதவியாளர்களும் மூச்சும் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பழக்கப்பட்டவர்கள் திரும்புவது போல் இருந்தது.

தலைவர் உள்பையில் கைவிட்டு ஒரு தோல் பர்ஸை எடுத்தார். தடிமனான பர்ஸ். உள்ளே அத்தனையும் நோட்டு. கசங்கல் இல்லாத, அடுக்கின நோட்டு.

சலூன்காரருக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்தே புரிந்தது. காதெல்லாம் சுட்டது. அவர் வாழ்நாளில் யார்மேலும் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

"எவ்வளவு?" என்றார் தலைவர்.

சலூன்காரர் ஒரு தொகை சொன்னார். ஒரு பெரிய கண்ணாடியும் ஒரு துணிப்பையும் சேர்ந்த தொகை.

"அநியாயமா இருக்கே! முன்னெல்லாம் தாடி எடுக்க ஒரு சின்ன நோட்டுதானே கொடுப்போம்?"

"அது முழுத் தாடிக்குங்க. அரைத் தாடிக்கு ரேட்டு ஜாஸ்தி."

மேளம் உச்சத்துக்குப் போனது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக் கொடுத்தார். கடைசியில் ஒரு பெரிய நோட்டை நீட்டிவிட்டு, "இதுக்குச் சில்லறை இருக்கா?" என்று கேட்டார். சலூன்காரரிடம் ஏது? ஆனால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஐந்து பேரும் திரும்பாமலே ஒரே நேரத்தில் பைக்குள் கையை விட்டார்கள். மூச்சுதான் முந்திக்கொண்டார்.

சலூன்காரர் நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்தார். இடது பக்கமும் முடிந்ததும் தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அதிகாரியும் உதவியாளர்களும் பின்னாலேயே ஓடினார்கள். இடது பக்கத்து முடிக்கு யாரும் விலை கேட்கவில்லை. மூச்சு தராசுப் பெட்டியை மூடி அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கதவருகிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த மனைவி வாசலுக்குப் போனாள். கண்ணாடியைச் சுரண்டிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாயை நன்றாகத் திறந்து, கடைவாய் வெள்ளி தெரியப் பேசினாள்.

"இன்னிலேர்ந்து இந்தக் கடைல முடி வெட்டக் கூலி உண்டு. நோட்டு வெச்சிருக்கறவங்க நில்லுங்க. முடி விக்க வந்தவங்க வீட்டுக்குப் போங்க."

கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் சலூன்காரர் நினைத்தார். ஒருவரும் நகரவில்லை. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் தொப்பியைக் கழற்றி உள்துணியைப் பிரித்தார். ஒருவர் இடுப்பைத் துழாவினார். குழந்தையைச் சுற்றியிருந்த துணிக்கு அடியிலிருந்து அந்த அம்மாள் ஒரு நோட்டுக்கட்டை எடுத்தாள். வழுக்கைத் தலையரிடமும் இருந்தது. காடு குனிந்து இடது காலுறையைக் கழற்றினார். அதிலிருந்து வந்த நோட்டுக்கட்டின் மதிப்பு, சலூன்காரர் அன்று வாரியத்தில் கொட்டிய துணிப்பையைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

சலூன்காரர் அந்த வரிசையை முனை வரை பார்த்தார். ஒரு வருஷமாகத் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தன் சுருளை நறுக்கி நறுக்கி வாங்கிக்கொண்டு போன அத்தனை முகமும் அதில் இருந்தது. நோட்டைப் பார்த்தால் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. தலைவர்மேல் வந்த கோபமாவது ஒரு பக்கமாக வந்தது. இது நாலா பக்கமும் வந்தது.

காடு உள்ளே வந்து உட்கார்ந்தார். கண் கலங்கத் தொடங்கியது. "குழந்தைங்களுக்குப் பால்…" என்று ஆரம்பித்தவர், தன் கையிலிருந்த கட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சலூன்காரர் கழுத்தில் துணியைக் கட்டினார். வழக்கத்தைவிட இறுக்கியே கட்டினார்.

"எவ்வளவு ஆகும்?" என்றார் காடு மெல்ல.

"மேலாப்புல எடுத்தா ஒரு ரேட்டு. உங்களுக்கு மேலாப்புல எடுக்கற உத்தேசம் இல்லை."

கத்தரி காதோரம் புகுந்து நடு மண்டை வரை ஒரே மூச்சில் போனது. எதிரே சுவர்தான் இருந்தது என்பதால் காடுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மைதானத்தில் தலைவரின் குரல் முழங்கியது. "என் முகத்தைப் பாருங்கள்! இன்றோடு இந்த நாட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூட யார் கையிலும் இல்லை!" எங்கே கைதட்ட வேண்டும் என்று மக்களுக்கு நன்றாகப் பழகியிருந்தது. மைதானம் தட்டியது. வாசலில் நின்ற வரிசையும் கையை உயர்த்தி, தலைவர் இருந்த திசையைப் பார்த்துத் தட்டியது. இரண்டு கைக்கும் நடுவில் நோட்டு இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.